முதல் நியமனம்: ஏ.ரி.ஆரா, ஏ320ஆ? எந்தத் தளத்தை முதலில் எழுதுவது?

கேள்வி: குளக்கட்டு (முள்ளியவளை)

அனைவருக்கும் வணக்கம். வணிக விமானி உரிமத்தைப் பெற்ற பிறகு நீண்ட காலமாக விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டிருந்த எனக்கு, தென்கிழக்காசியாவிலுள்ள ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாக நியமனம் கிடைத்திருக்கிறது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதுவது முறையல்ல என்பதால் தவிர்க்கிறேன். பயிற்சி வகுப்புத் தொடங்குவதற்கு முன்னர், எந்த விமானத்தில் எந்தத் தளத்தில் பணியாற்ற விரும்புகிறோம் என்பதை ஒவ்வொருவரும் வரிசைப்படுத்தி ஒரு படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்புவதற்குத்தான் உங்களுடைய ஆலோசனையைக் கேட்கிறேன்.

நிறுவனத்திடம் காற்றாடியால் பறக்கும் ஏ.ரி.ஆர். 72-600, ஜெற் விமானமான எயார்பஸ் ஏ320 என்று இரண்டு வகை விமானங்கள் உள்ளன. தலைநகரத் தளத்தில் இரண்டும் உண்டு. நாட்டின் தென்கோடியிலுள்ள சிறிய தளத்தில் ஏ.ரி.ஆர். மட்டும், சுற்றுலாத் தீவொன்றிலுள்ள தளத்தில் ஏ320 மட்டும். எல்லோரும் ஒரே நாளில் சேருவதால் வகுப்புக்குள் சேவை மூப்பு பிறந்த திகதிப்படி தீர்மானிக்கப்படுமென்றும், மூத்தவருடைய விருப்பத்திலிருந்து தொடங்கி இடங்கள் நிரப்பப்படுமென்றும் அறிவித்திருக்கிறார்கள். வகுப்பில் நான் கடைசிக்கு முந்தைய ஆள். ஆகவே முதலாவது விருப்பத்தைவிட, மூன்றாவதாகவும் நான்காவதாகவும் எதை எழுதுவது என்பதே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. "இவ்வளவு காசைக் கொட்டிப் படித்துவிட்டுக் காற்றாடி வைத்த விமானத்தையா ஓட்டப் போகிறாய்?" என்று அப்பா கேட்கிறார், கனடாவிலிருக்கும் மாமாவும் அவருடைய கட்சிதான். விமானம் எதுவாக இருந்தாலும் அம்மாவுக்குச் சரி. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும், காலபோக நெல் அறுவடைக்கும் நான் வீட்டில் நிற்பேனா என்பதுதான் அவருடைய கவலை. பயிற்சிச் செலவுக்காக முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள வயலை ஈடு வைத்திருப்பதால் சம்பளக் கணக்கையும் நான் ஒதுக்கிவிட முடியாது. ஏ.ரி.ஆரில் தொடங்கினால் பிற்காலத்தில் அது குறையாகப் பார்க்கப்படுமா? மூன்று தளங்களில் எதிலிருந்து ஊருக்கு வந்துபோவது இலகு? அனுபவமுள்ள அண்ணாமாரும் அக்காமாரும் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில்: கனகராயன் ஆறு (மாங்குளம், ஏ.ரி.ஆர். கப்டன்)

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். உங்கள் அப்பா சொல்லும் காற்றாடி விமானத்திலேயே துணை விமானியாகவும் பிறகு கப்டனாகவும் பறந்து வருகிறவன் நான். ஆகவே நான் சொல்வதில் பக்கச்சார்பு இருக்கும் என்பதை எடுத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஏ.ரி.ஆர். 72 ஏறத்தாழ 23 தொன் எடையோடு மேலெழும்பி, மணிக்கு 500 கிலோமீற்றரை ஒட்டிய வேகத்தில் பறக்கும் விமானம். ஏ320 எழும்பும்போது 78 தொன் வரை இருக்கும். எடையைவிட, இரண்டும் எங்கே பறக்கின்றன என்பதுதான் விமானிக்குப் பெரிய வித்தியாசம். ஏ320இல் 39,000 அடி வரை ஏறிப் பெரும்பாலான மேகங்களைக் கீழே விட்டுவிடலாம், ஏ.ரி.ஆருக்கு உச்சவரம்பு 25,000 அடி, அன்றாடம் பறப்பதோ அதற்கும் கீழே. பருவமழைக் காலத்தில் இடிமேகங்களின் நடுவயிற்றுக்குள்தான் உங்களுடைய வழி இருக்கும். மேலால் தாண்டிப் போக முடியாது, ராடரைப் பார்த்து விலகித்தான் போக வேண்டும். போதாததற்கு வெப்பமண்டலத்தில் 16,000 அடியை அண்டி உறைநிலை தொடங்குவதால், கீழே வெயில் கொளுத்தும் நாளிலும் மேலே சிறகில் பனி படியும். 1994 அக்டோபரில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஓர் ஏ.ரி.ஆர். 72 பனி படிந்து விழுந்த பிறகுதான் அதன் சிறகுகளின் முன்விளிம்பிலுள்ள பனி நீக்கும் இறப்பர் உறைகள் அகலமாக்கப்பட்டன. இருநூற்றுச் சொச்ச மணித்தியால அனுபவத்தோடு வருகிற ஒருவருக்கு வானிலையைப் பற்றி இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது என்பது என் எண்ணம்.

அடுத்தது கை. ஏ.ரி.ஆரில் உந்துவிசையைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ஓட்டோ திரொட்டில் இல்லை. எழும்புவதிலிருந்து இறங்குவது வரை வேகத்தைக் காப்பது உங்களுடைய கைதான். தரையிறங்கும்போது பவர் லீவர்களைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தால், இரண்டு காற்றாடிகளும் தட்டையாகி முன்னால் பிரேக் பிடித்ததுபோல் விமானத்தைக் கீழே அமுக்கிவிடும். ஓடுபாதை நெருங்க நெருங்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதே நேரத்தில் பக்கக் காற்றுக்குக் காலால் ரடரை (வாலிலுள்ள சுக்கானை) திருத்தி, மூக்கு நேராக வரும் கணத்தில் சில்லை வைக்க வேண்டும். பவரில் கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும் என்பதால் கால் சும்மா இருக்கவே முடியாது. ஒரு நாளில் நான்கு குறுந்தூரப் பறப்புகள் என்றால் அவற்றில் இரண்டு தரையிறக்கம் உங்களுடையது. இந்தப் பழக்கம் ஒரே ஆண்டில் உடம்பில் ஊறிவிடும். லான்ட்மாஸ்ரரில் (இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரத்தில்) உழுது பழகியவர் பெரிய உழவு இயந்திரத்தில் ஏறினால் தடுமாறமாட்டார். அதிலிருந்து இதற்கு இறங்கி வருகிறவர்தான் கைப்பிடியோடு மல்லுக்கட்டுவார்.

துன்பங்களையும் சொல்ல வேண்டும். இந்த விமானத்தில் துணை மின்னியந்திரம் கிடையாது. தரையில் நிற்கும்போது வலப்பக்க இயந்திரத்தை, காற்றாடியை மட்டும் பிரேக்கால் நிறுத்திவிட்டு, ஓடவிட்டுத்தான் மின்சாரமும் குளிர்க்காற்றும் எடுக்கிறோம். நண்பகலில் அந்தக் குளிர்க்காற்று பெயரளவில்தான். சட்டை நனைந்தபடிதான் அடுத்த பறப்புக்கான எரிபொருள் கணக்கைப் பார்ப்பீர்கள்.

கப்டன் பதவியைப் பொறுத்தவரை, உரிமத்தை உயர்த்துவதற்கு 1500 மணித்தியாலம் தேவை. ஏ.ரி.ஆரிலிருந்து ஜெற்றுக்கு ஆட்கள் போய்க்கொண்டே இருப்பதால் கப்டனுடைய இடது இருக்கை இங்கே விரைவாகக் காலியாகும். முப்பது வயதுக்கு முன்னர் கப்டனாகப் பொறுப்பெடுத்துப் பறந்த மணித்தியாலங்களுக்கு எங்கே போனாலும் மதிப்பு இருக்கிறது. என் வரிசை: தென்கோடி ஏ.ரி.ஆர்., பிறகு தலைநகர ஏ.ரி.ஆர்., அதன் பிறகுதான் மற்றவை.


பதில்: வெள்ளாங்குளம் (ஏ320 துணை விமானி, வளைகுடா)

கப்டன் அண்ணா சொன்ன வானிலையும் கைப்பழக்கமும் உண்மை. எங்களுடைய நிறுவனத்தில் ஓட்டோ திரஸ்ற்றை (ஓட்டோ திரொட்டிலுக்கு ஏ320இல் உள்ள பெயர்) நிறுத்திக் கையால் பறப்பதற்குக் கப்டனுடைய அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கும் நாட்கள் குறைவு. ஆனால் ஒரு நிறுவனம் எப்போதும் நிலைத்து நிற்கும் என்று எண்ணித் திட்டமிடக் கூடாது. 2019 ஏப்ரலில் ஜெற் எயார்வேஸ் பறப்பை நிறுத்தியது. 2023 மேயில் கோ ஃபெர்ஸ்ற் விழுந்தது. அப்படியான நாளில் கையில் எந்த விமானத்தின் ரைப் ரேற்றிங் (அந்த வகை விமானத்தைப் பறப்பதற்கான தகுதி) இருக்கிறது என்பதுதான் சோறு போடும். ஏ320 குடும்பத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் உலகெங்கும் ஓடுகின்றன, ஒரே ரேற்றிங்கில் ஏ319, ஏ321 ஆகியவற்றையும் பறக்கலாம், ஏ330க்கு மாறுவதற்கும் குறுகிய பயிற்சி போதும். வேறு நிறுவனங்களின் ஆட்சேர்ப்பு விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள்: ஜெற் மணித்தியாலம் இத்தனை, குறைந்தபட்ச எடை இத்தனை என்று கேட்கும் இடங்களில் 23 தொன் விமானம் சில வேளை வாசலிலேயே நின்றுவிடும்.

ஈடு வைத்த வயலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சம்பளத்தின் ஒரு பகுதி பறந்த மணித்தியாலத்துக்கு என்றால், இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஏ.ரி.ஆரில் பத்து மணித்தியாலக் கடமையில் நான்கு குறும்பறப்புகள் செய்தாலும் கணக்கில் ஏறுவது நான்கரை அல்லது ஐந்து மணித்தியாலம். அதே பத்து மணித்தியாலத்தில் ஏ320இல் போய்வரும் இரண்டு பறப்புகள் எட்டு மணித்தியாலத்தைத் தரும். களைப்பு ஒன்று, காசு வேறு. சில நிறுவனங்கள் பறப்பு எண்ணிக்கைக்குக் கொடுக்கின்றன. அப்படியானால் கணக்குத் தலைகீழாகும். எந்த முறை என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். அவர்களுடைய ஏ320 நியோ என்ற புதிய ரகமென்றால் எந்த இயந்திரம் பூட்டியது? பிராற் அன்ட் விற்னி இயந்திரங்களில் உலோகத் தூளில் குறை இருப்பதாக 2023 ஜூலையில் தெரியவந்து, பல நாடுகளில் விமானங்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன. கோ ஃபெர்ஸ்ற் தன் வீழ்ச்சிக்கும் அந்த இயந்திரங்களையே காரணமாகச் சொன்னது. விமானம் நின்றால் புதிதாக வந்த துணை விமானிக்குப் பறப்பு இல்லை, மணித்தியாலமும் இல்லை. இயந்திரம் நல்லதென்றால் தலைநகர ஏ320ஐ முதலில் எழுதுங்கள் என்பேன்.


பதில்: ஏ9 பயணி (வவுனியா, விமானப் பணியாளர் அட்டவணைப் பிரிவு)

நான் விமானி அல்ல. விமானிகளுக்கு ரொஸ்டர் போடும் மேசையில் வெளிநாட்டில் வேலை செய்கிறேன். மேலே இருவரும் விமானத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள், தங்கச்சி கேட்ட மற்றப் பாதிக்கு யாரும் வரவில்லை.

ஊருக்கு வருவதைப் பற்றி முதலில். வன்னியில் பயணிகள் இறங்கும் விமான நிலையம் எதுவும் இல்லை. வவுனியாவிலும் இரணைமடுவிலும் ஓடுபாதைகள் இருந்தாலும் அவை விமானப்படையின் கையில். ஆகவே உங்களுக்கு இரண்டு வாசல்கள்தான். கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்காவில் இறங்கினால் இரவு பஸ்ஸைப் பிடித்து, மாங்குளத்தில் இறங்கி, ஒட்டுசுட்டான் வழியாக முள்ளியவளைக்குப் போக வேண்டும். விமானம் எத்தனை மணிக்கு இறங்கினாலும் அரை நாள் அதிலேயே போய்விடும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வந்தால், பறப்பு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல், பிறகு ஆனையிறவைத் தாண்டிப் பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியால் பகலிலேயே வீட்டுக்குப் போய்ச் சேரலாம். தரைப் பாதையில் பலாலியே கிட்டத்தான். பணியாளர் பயணச்சீட்டை நம்பி வருகிறவருக்கு அது கிட்டவா என்பது வேறு கதை.

பணியாளர் சீட்டு என்பது இருக்கை மிஞ்சினால் மட்டுமே. பலாலிக்கு வருவது கப்டன் அண்ணா விவரித்த அதே ஏ.ரி.ஆர். 72, எழுபது சொச்ச இருக்கைகள், அதிலும் ஓடுபாதை நீளம் குறைந்தது, வெயில் நேரத்தில் எடைக் கட்டுப்பாடு வந்தால் முதலில் இறக்கப்படுகிறவர் பணியாளர் சீட்டுக்காரர்தான். அதோடு சென்னை-பலாலி நிறுவனத்தோடு உங்களுடைய நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருக்க வேண்டும். சென்னையில் விமானம் மாறுவதற்கான விசா விதியையும் பார்க்க வேண்டும். திரும்பிப் போகும் வழியில் இடம் கிடைக்காமல் கடமைக்குப் பிந்தினால், எங்களுடைய பதிவேட்டில் அது வராமை என்றுதான் விழும். புதியவருக்கு அது நல்ல தொடக்கமாக இருக்காது. ஆகவே நான்கு நாள் தொடர் விடுமுறை கிடைத்தாலும், வருவதற்கு ஒரு நாளும், திரும்புவதற்கும் தப்பிப் போனால் அடுத்த விமானத்தைப் பிடிப்பதற்குமாக இரண்டு நாளும் ஒதுக்கினால், முள்ளியவளையில் நிற்பது ஒரு நாள். வாராந்த ஓய்வில் ஊருக்கு வருவதை மறந்துவிடுங்கள். ஆண்டு விடுமுறையில் மட்டுமே வருவேன் என்று வைத்துக்கொண்டால், வரைபடத்தில் எந்தத் தளம் இலங்கைக்குக் கிட்ட என்ற கேள்விக்குப் பெரிய பொருள் இல்லாமற் போகும். தலைநகரத்திலிருந்து நேரே கட்டுநாயக்காவுக்குப் பறப்பு இருந்தால் அது மட்டும் கணக்கில் வரட்டும், ஏனென்றால் மற்ற இரண்டு தளங்களிலிருந்தும் முதலில் தலைநகரத்துக்கு வருவதற்கே ஓர் இருக்கை மிஞ்ச வேண்டும்.

ஆண்டு விடுமுறை சேவை மூப்பின்படிதான் பங்கிடப்படும். தீவுத் தளத்தில் திசம்பரும் தையும் சுற்றுலாப் பருவத்தின் உச்சமென்றால் அந்த மாதங்களில் விடுமுறையையே மூடிவிடுவார்கள். தைப்பொங்கலும் அறுவடைத் தொடக்கமும் அதற்குள் அகப்படும். வைகாசிக்கு வாய்ப்பு உண்டு. அம்மாவிடம் வற்றாப்பளையை மட்டும் வாக்குக் கொடுங்கள், அறுவடையை வேண்டாம்.

இப்போது மூப்பு. நிறுவனம் முழுவதிலும் நீங்கள் ஏறத்தாழக் கடைசிதான், ஆனால் மூப்பு வேலை செய்வது உங்களுடைய தளத்தில், உங்களுடைய விமானத்தில், உங்களுடைய இருக்கையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து. உதாரணத்துக்கு, முந்நூறு துணை விமானிகளுள்ள தலைநகர ஏ320இல் உங்களுக்குப் பின்னால் ஆட்கள் வந்து சேரும்வரை ஸ்டான்ட்பையும் (அழைப்புக்காகக் காத்திருக்கும் கடமை) நள்ளிரவுப் பறப்பும்தான் உங்களுடைய பங்கு. இருபது பேருள்ள தென்கோடித் தளத்தில் ஐந்து பேர் ஜெற்றுக்கு மாறினாலே நீங்கள் நடுவில் வந்துவிடுவீர்கள். சிறிய தளத்துக்கும் ஒரு விலை இருக்கிறது: அங்கே உபரி ஆட்கள் இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், ஓய்வு நாளில் உங்களுடைய தொலைபேசிதான் முதலில் அடிக்கும், அடிக்கிறவர் என்னைப் போன்ற ஒருவராக இருப்பார். பணிவாகவும் திரும்பத் திரும்பவும் கேட்போம். ஓய்வு நாளில் மறுப்பதற்கு ஒப்பந்தம் இடம் தருகிறதா என்பதை இப்போதே வாசித்து வையுங்கள்.

ஸ்டான்ட்பை பற்றியும் ஒரு சொல். அழைப்பு வந்து எத்தனை நிமிடத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கேட்ட பிறகே வீடு பாருங்கள். பெரிய தலைநகரத்தில் அந்த நேரத்துக்குள் வரக்கூடிய இடத்தில் வாடகை அதிகம். தென்கோடியில் அதே காசில் முழு வீடு எடுத்து அப்பா அம்மாவை மாதக்கணக்கில் கூப்பிட்டு வைத்திருக்கலாம். ஈட்டை மீட்கிற வரையிலும் அது சிறிய விடயமல்ல.


குளக்கட்டு (முள்ளியவளை)

மூவருக்கும் மிக்க நன்றி. பயிற்சிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். ஏ320களில் பூட்டியிருப்பது பிராற் அன்ட் விற்னி அல்ல, சி.எஃப்.எம். லீப் இயந்திரம் என்றும், சம்பளத்தில் மாறும் பகுதி பறப்பு எண்ணிக்கைக்கு வழங்கப்படுகிறது என்றும், எந்த விமானத்தில் சேர்ந்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு மாற முடியாது, அதன் பிறகு மூப்பின்படி மாற்றம் கேட்கலாம் என்றும் பதில் வந்தது. பறப்பு எண்ணிக்கைக்குக் காசு என்பதைக் கண்டவுடன் அப்பாவின் குரல் சற்றுத் தணிந்துவிட்டது. தென்கோடி ஏ.ரி.ஆர்., தலைநகர ஏ.ரி.ஆர்., தலைநகர ஏ320, தீவு ஏ320 என்று எழுதலாமென்றிருக்கிறேன். தலைநகர ஏ320ஐ மூத்தவர்களே எடுத்துக்கொள்வார்கள் என்று வகுப்பில் பேச்சு இருப்பதால், அதை மேலே எழுதியும் பெரிய பயன் இராது. நியமனக் கடிதத்தோடு ரைப் ரேற்றிங் செலவுக்கான பிணை ஒப்பந்தமும் வந்திருக்கிறது, மூன்று ஆண்டுகள். அதில் எதைக் கவனிக்க வேண்டும்?


பதில்: வெள்ளாங்குளம்

இயந்திரமும் நல்லது, கொடுப்பனவு முறையும் ஏ.ரி.ஆருக்குச் சாதகம் என்றால் உங்களுடைய வரிசையில் நான் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு ஆண்டு முடிகிற அன்றே மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். கப்டன் பதவிக்கான அழைப்பும் அதே காலத்தில் வந்தால் அப்போது இருந்து யோசிக்கலாம்.


பதில்: கனகராயன் ஆறு

பிணை ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை விரல் வைத்து வாசியுங்கள். முதலாவது, இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை மாதாமாதம் குறைந்துகொண்டு வருகிறதா, அல்லது மூன்றாம் ஆண்டின் கடைசி மாதம்வரை முழுத் தொகையா என்பது. இரண்டாவது, நிறுவனமே உங்களை ஏ320க்கு மாற்றினால் பழைய பிணையின் மேல் புதுப் பிணை ஏறுமா, அல்லது பழையது முடிந்ததாகக் கொள்ளப்படுமா என்பது. மாற்றத்தை நீங்களாகக் கேட்டால் என்ன விதி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்றாவது, ஆட்குறைப்பாலோ மருத்துவச் சான்றிதழை இழந்ததாலோ வேலை போனால் பிணையும் போகிறதா என்பது. கண்ணோ காதோ இதயமோ சிறிது பிசகி முதல்தர மருத்துவச் சான்றிதழ் நிறுத்தப்பட்டால் அன்றிலிருந்து பறப்பு இல்லை. அதற்கென்று உரிம இழப்புக் காப்புறுதி இருக்கிறது, நிறுவனம் தராவிட்டால் கைக்காசைக் கொடுத்தாவது முதல் மாதத்திலேயே எடுங்கள்.

நான்காவது, ஈடு. சில நிறுவனங்கள் வங்கி உத்தரவாதம் கேட்கும், சில நிறுவனங்கள் பெற்றோரின் கையொப்பத்தையும் சொத்தையும் கேட்கும். வயல் ஏற்கெனவே ஒரு கடனுக்குள் இருக்கிறது. வீட்டு வளவையும் இதற்குள் கொண்டுவரச் சொன்னால் மறுத்து, சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்துக்கொள்ளும் முறையைக் கேளுங்கள். கையெழுத்திடுவதற்கு முன்னர் முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வழக்காடலாம் என்ற பந்தி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.